வெல்டிங்கில் முதல் சம்பளமும் நாற்பதாவது வயதும்

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் நெகிரி செம்பிலானின் சுவா பெத்தோங், சிலியாவ், லிங்கி, லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பெற்றோர் வாயில் அடிபடும் கேள்வி ஒன்று உண்டு: "பையனை வெல்டிங்ல சேர்த்துவிட்டா மாசம் எவ்வளவு வரும்?" பையன் பாடத்தில் சுமார்தான். ஆனால் கை சும்மா இருக்காது. பழுதான மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிவிடுவான். கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாக யாராவது சொல்லும் தொகைதான் குடும்பங்களைத் தப்பான பக்கம் தள்ளுகிறது. சில வீடுகளில் அது அற்பமாகத் தெரிந்து, பையன் உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். சில வீடுகளில் யாரோ ஒருவரின் மைத்துனர் ஆலை ஷட்டவுன் பழுதுவேலையில் வாங்கிய பெரிய தொகையை நம்பி, தகுதிக்கு மீறிக் கடன் வாங்கிப் பயிற்சிக் கூடத்தில் கட்டுகிறார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. அப்பாவுக்கு 60 வயது ஆனதும் வேலை முடியும். வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக் குலை வெட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நீலாய், லாபு, சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்ட நிலம் 'மலேசியா விஷன் வேலி' திட்ட வரைபடத்துக்குள் போய்விட்டது. பையன் தலைமுறைக்குத் தோட்டத்தில் மிச்சம் இருப்பது கோயிலும் தமிழ்ப்பள்ளியும்தான் என்று சொல்லுமளவுக்குச் சில இடங்கள் மாறிவிட்டன. 1940களில் இதே மாநிலத்தில்தான் பி.பி. நாராயணன் தோட்டத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டத் தொடங்கினார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. கூலிக்காக யாரோடு உட்கார்ந்து பேசுவது என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. வெல்டராகப் போகும் பேரனுக்காகப் பேசப் பெரும்பாலும் அப்படி ஒரு சங்கம் இல்லை. அவன் கூலியைத் தீர்மானிப்பவை இரண்டு: அரசின் குறைந்தபட்சச் சம்பள ஆணை, அவன் கையில் உள்ள பேப்பர்.

முதலில் ஆணையைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 ரிங்கிட்டில் தொடங்கியது. 2016இல் 1,000, 2019இல் 1,100, 2022 மே மாதம் 1,500 என்று ஏறி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழில் இரண்டாம் நிலையோ மூன்றாம் நிலையோ முடித்துச் செனவாங், நீலாய், சிரம்பான் பட்டறைகளில் நுழைகிறவனுக்குப் பொதுவாக இந்தத் தரைக்கும் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கும் இடையில்தான் அடிப்படைச் சம்பளம் பேசுவார்கள். ஒரு நாள்கூடப் படிக்காமல் அதே பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தவனுக்கும் சட்டப்படி 1,700 கொடுத்தாக வேண்டும். ஆக, ஒன்றரை, இரண்டு ஆண்டுப் படிப்புக்கு முதல் மாதத்தில் கிடைக்கும் கூடுதல் விலை சில நூறு ரிங்கிட். சில இடங்களில் அதுவும் இல்லை. தரை உயர உயர, அதன் மேல் நிற்கும் படி குட்டையாகிவிட்டது. இதை எந்தப் பயிற்சிக் கூடத்தின் விளம்பரத் தாளும் சொல்லாது.

விளம்பரம் சொல்வது வேறு: "மாதம் 2,700 வரை." அதில் ஓவர்டைம் ஒளிந்திருக்கிறது. 1,700 அடிப்படைச் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட் 38 சென்; எட்டு மணி நேரத்தால் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால் ஓவர்டைம் மணிக்கு 12 ரிங்கிட் 26 சென். தினமும் மூன்று மணி நேரம் வீதம் 26 நாள் நின்றால் 956 ரிங்கிட். மொத்தம் 2,656. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊழியர் சேமநிதிக்குப் பிடிக்கும் 11 விழுக்காடும், முதலாளி போடும் 13 விழுக்காடும் அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். ஓவர்டைம் அந்தக் கணக்கில் சேராது. பையன் தினமும் பதினொரு மணி நேரம் புகையில் நின்றாலும் சேமநிதியைப் பொறுத்தவரை அவன் 1,700 ரிங்கிட் ஆள்தான். ஆகவே வேலைக்குப் போகும் இடத்தில் கேட்க வேண்டியது "எவ்வளவு வரும்" என்பதைவிட "பேசிக் எவ்வளவு" என்பது. நம் பிள்ளைகள் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டுபோகும் வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்தக் கட்டுரை முழுமையடையாது, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஒப்பீடு நடக்கிறது. முதல் மாதத்தில் ரைடர் ஜெயிப்பான். பட்டறைப் பையன் 1,700இல் 187 ரிங்கிட்டைச் சேமநிதிக்கும், சில்லறைத் தொகையைச் சொக்சோவுக்கும் கொடுத்துவிட்டு ஏறத்தாழ 1,500ஐ வீட்டுக்குக் கொண்டுவரும்போது, ரைடர் அதைவிடக் கனமான உறையை அம்மா கையில் கொடுக்கிறான். பெட்ரோல், டயர், மோட்டார்சைக்கிள் தவணை எல்லாம் அவன் தலையில் என்பது உறையில் தெரியாது. முதலாளியின் 221 ரிங்கிட்டும் சேர்ந்து பட்டறைப் பையனின் கணக்கில் மாதம் 408 ரிங்கிட், ஆண்டுக்கு 4,896 ரிங்கிட் ஏறுவதும் தெரியாது. 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி வாரியம் 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. இருந்தாலும் நான் அம்மாக்களைக் குறை சொல்ல மாட்டேன். வீடு மாறப் போகிற குடும்பத்துக்கு ஐம்பத்தைந்து வயதில் வரும் பணம் ஒரு தூரத்துச் செய்தி.

இனி பேப்பர். இங்கேதான் குழப்பம் அதிகம். எஸ்.கே.எம். என்பது மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொடுக்கும் சான்றிதழ். ஒன்று முதல் மூன்று நிலை வரை, அதற்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா. அது பையன் பயிற்சி பெற்றவன் என்பதைக் காட்டுகிறது. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் இருக்கும். ஆனால் போர்ட்டிக்சன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வாசலிலோ மின்நிலைய வாசலிலோ ஃபோர்மேன் கேட்பது, "தம்பி, எந்தப் பொசிஷன்ல பேப்பர் வெச்சிருக்க?" என்றுதான். அது வேறு பேப்பர். குறிப்பிட்ட உலோகம், குறிப்பிட்ட கனம், குறிப்பிட்ட முறை, குறிப்பிட்ட நிலை ஆகியவற்றில் இவன் கைவேலை தேறியது என்ற சோதனைச் சான்று. பெற்றோர் முதல் பேப்பருக்குப் பணம் கட்டுகிறார்கள். நல்ல சம்பளம் இரண்டாவது பேப்பரில் இருக்கிறது.

அந்தச் சோதனைகளில் பெயர்போனது 6ஜி. இரண்டு குழாய்த் துண்டுகளின் ஓரங்களைச் சரிவாகச் சீவி, நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, 45 பாகைச் சாய்வில் பூட்டிவிடுவார்கள். முடியும்வரை குழாயை அசைக்கக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடிப்பக்கத்தில் மல்லாந்து பார்த்தபடி, பக்கவாட்டில் ஏற்றமாக, மேலே குனிந்தபடி என்று ஒரே மூட்டில் எல்லா நிலையும் வந்துவிடும். முதல் ஓட்டத்துக்கு ரூட் என்று பெயர். பெரும்பாலும் ஆர்கான் வாயு பாயும் டிக் டார்ச் ஒரு கையில், கம்பி மறு கையில். கம்பி ஒரு நொடி அதிகமாக ஊட்டினால் குழாயின் உட்புறம் புடைக்கும். குறைந்தால் குழி விழும். உட்புறத்தை அவனால் பார்க்க முடியாது. உருகும் குட்டையின் முன்விளிம்பில் சாவித்துவாரம் போலத் திறந்து மூடும் ஓட்டையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதன்மேல் 7018 ராடில் நிரப்பு ஓட்டங்கள். அந்த ராடு சூட்டுப் பெட்டியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கொஞ்ச நேரம் கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பற்றவைப்பு கெடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே கசடைத் தட்டி, கிரைண்டர் போட்டு, கடைசியில் கேப் இழுத்து முடிப்பான். பிறகு எக்ஸ்ரே ஃபிலிம் எடுப்பார்கள், அல்லது மூட்டிலிருந்து பட்டை வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் ஃபிலிமில் கோடு தெரிந்தால் தோல்வி.

இப்படித் தேறியவனுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையிடங்கள் உண்டு என்பது நெகிரி செம்பிலானின் அதிர்ஷ்டம். போர்ட்டிக்சனில் 1960களின் முற்பகுதியில் ஷெல், எஸ்ஸோ இரண்டும் சுத்திகரிப்பு ஆலைகளை எழுப்பின. எஸ்ஸோவினுடையது 2012இல் பெட்ரோன் கைக்கும், ஷெல்லினுடையது 2016 கடைசியில் சீனாவின் ஹெங்யுவான் கைக்கும் மாறின. துவாங்கு ஜாஃபார் மின்நிலையம் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் ஜிமா நிலக்கரி மின்நிலையம். 2019இல் அதன் அருகே ஜிமா ஈஸ்ட் வந்தது, தலா ஆயிரம் மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளோடு. கொதிகலன் குழாய் தேயாமல் இருக்காது. அலகை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் காலத்தில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுகளில் வெல்டர் கூட்டம் இறங்கும். நல்ல 6ஜி கைக்கு நாளுக்கு 200 ரிங்கிட்டை ஒட்டியும், அவசரத்தில் அதற்கு மேலும் பேசுகிறார்கள். மைத்துனர் கதை இங்கே பிறப்பதுதான்.

கதையில் விட்டுப்போன பகுதி காலண்டர். ஷட்டவுன் சில வாரங்களில் முடிந்துவிடும். அடுத்தது திரங்கானுவில் இருக்கலாம், ஜொகூரில் இருக்கலாம், மூன்று மாதம் கழித்து இருக்கலாம். ஆண்டில் 150 நாள் வேலை கிடைத்தால் 200 வீதம் 30,000 ரிங்கிட், மாதத்துக்கு 2,500. புள்ளிவிவரத் துறையின் 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் இடைநிலை மாதச் சம்பளம் 2,602 ரிங்கிட். அதாவது, ஊரே வியக்கும் நாள்கூலிக்காரன் ஆண்டுக் கணக்கில் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறான். அதுவும் பல ஒப்பந்தங்களில் சேமநிதி இல்லாமல். 220 நாள் பிடித்தால் 44,000, மாதம் 3,667. இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் இருப்பது கைத்திறன் மட்டும் இல்லை. யார் யார் ஃபோன் எண் அவனிடம் இருக்கிறது, வீட்டைவிட்டு எத்தனை மாதம் இருக்க முடியும் என்பதும்தான்.

பேப்பருக்கு உயிரும் உண்டு. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி, ஒருவர் ஒரு முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்த முறையில் அவர் தகுதி காலாவதியாகிவிடும், மறுபடி சோதனை. வேலை இல்லாத ஆறு மாதம் அடுத்த வேலையையும் சேர்த்துப் பறிக்கும் என்பது இதன் பொருள். இடைவெளியில் கிரில், கேட் அடித்தால் சாப்பாடு கிடைக்கும். டிக் பேப்பர் அதனால் உயிரோடு இருக்காது.

சம்பளம் ஏன் இத்தனை மெதுவாக ஏறுகிறது? ஆலைக்காரர் முதன்மை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறார், அவர் இன்னொருவருக்கு, அவர் ஆள் சப்ளை செய்பவருக்கு. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நின்றுவிடும். வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் என்று வந்த தொழிலாளர்கள் பட்டறை வெல்டிங்கின் கீழ்த்தட்டை நிரப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நம் தாத்தாக்கள் கப்பலேறி வந்த கணக்கும் அதுதான். இன்னொரு குறை, சுற்றுவட்டத் தொழில் வலைப்பின்னல் இல்லாதது. தமிழ்நாட்டுத் திருச்சியில் அது உண்டு: பெல் கொதிகலன் ஆலை 1960களில் வந்தது. 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அங்கேயே அமைந்தது. திருவெறும்பூர், துவாக்குடி பக்கமெல்லாம் பட்டறைகள் முளைத்தன. எட்டாம் வகுப்பு முடித்தவன் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் படிப்பு படித்து, அந்தப் பட்டறைகளில் கைபழகி, வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனான். பெல்லுக்கு ஆர்டர் குறைந்த ஆண்டுகளில் அதே பட்டறைகள் தள்ளாடின என்பது வேறு விஷயம். போர்ட்டிக்சனில் ஆலைகள் இருக்கின்றன. ஆலைக்கும் தோட்டத்துப் பையனுக்கும் நடுவில் கைபழகும் அந்த இடைப்பட்ட பட்டறை மெலிந்திருக்கிறது. எஸ்.கே.எம். முடித்தவன் 6ஜிக்குத் தயாராக இன்னும் இரண்டு, மூன்று ஆண்டு ராடு எரிக்க வேண்டும். அந்த ராடுக்கும் குழாய்த் துண்டுக்கும் யார் பணம் கொடுப்பது? என் கணிப்பில் மொத்தப் பிரச்சினையும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. தகுதியுள்ளவனைச் சோதனைக்குத் தயார்ப்படுத்த ஆகும் செலவை யாராவது ஏற்றால், முதல் பேப்பருக்குக் கொட்டப்படும் பணத்தைவிட அது அதிகப் பலன் தரும். இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான மித்ரா போன்ற அமைப்புகள் வகுப்பு நடத்த உதவுவதைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். சோதனைக் கட்டணத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

நீண்டகாலம் என்று பார்த்தால் இந்தத் தொழில் எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும். 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே போனது. கடலோரக் கட்டுமானத் தளங்கள் காற்று வாங்கின. அதே காலத்தில் ஜொகூர் பெங்கேராங்கில் எழுந்த பிரம்மாண்ட சுத்திகரிப்பு வளாகம் பலரைக் காப்பாற்றியது. கட்டி முடிந்ததும் அந்தக் கூட்டமும் கலைந்தது. நிலக்கரி மின்நிலையங்களை 2044க்குள் முழுதாக மூடுவதாக அரசு அறிவித்திருக்கிறது. இன்று இருபது வயதில் ஜிமா கொதிகலனில் ஏறுகிறவனுக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்காது. கார் ஆலைகளில் ஸ்பாட் வெல்டிங் ரோபோ கைக்குப் போய்விட்டது. ஒரே மாதிரி துண்டை ஆயிரம் முறை ஒட்டும் தொழிற்சாலை வேலையெல்லாம் அந்த வழியில்தான் போகும். ரோபோ நுழையத் தயங்கும் இடம் பழுது: பழைய ஆலை, குறுகிய சந்து, துருப்பிடித்த குழாய், வரைபடத்தில் இல்லாத வளைவு. பழுது பார்க்கத் தெரிந்த வெல்டருக்கு இன்னும் பல ஆண்டு வேலை உண்டு. சிங்கப்பூருக்கும் போகிறார்கள்; ஒரு வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்பது பெரிய ஈர்ப்புத்தான். அங்கே வாடகையும் அதே வெள்ளியில்தான் என்பதைப் போனபிறகுதான் கணக்குப் போடுகிறார்கள்.

உடம்பைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் எஃகில் வரும் குரோமியம், நிக்கல் புகை தனி ஆபத்து. துத்தநாகம் பூசிய குழாயை ஒட்டினால் இரவில் குளிர்காய்ச்சல் அடிக்கும். பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்று பட்டறைதோறும் ஒரு நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. நல்ல மாஸ்க்கும் புகை உறிஞ்சியும் கேட்டால் முகம் சுளிக்கும் பட்டறையில் நூறு ரிங்கிட் கூடுதல் என்று பிள்ளையை விடக் கூடாது. இருபத்தைந்தில் 6ஜி நிலையில் முறுக்கிக்கொண்டு நிற்கும் முதுகும் முழங்காலும் நாற்பதில் அப்படி நிற்பதில்லை. கண்ணும் கைநடுக்கமும் ஃபிலிமில் தெரிந்துவிடும்.

ஆக, நாற்பதுக்கு முன் இன்னொரு படி வேண்டும். ஃபோர்மேன் ஆகலாம். வெல்டிங் ஆய்வாளர் ஆகலாம், அதற்கு சி.எஸ்.விப் 3.1 போன்ற தேர்வுகள் இருக்கின்றன. கட்டணம் சில ஆயிரம், ஆங்கிலத்தில் படித்து எழுத வேண்டும். தோட்டப்பள்ளியிலிருந்து மலாய் வழி இடைநிலைப்பள்ளி போய் வந்தவனுக்குக் கைத்திறனைவிட இந்த ஆங்கிலம்தான் மதில். வெல்டிங் பயிற்சியோடு வரைபடம் வாசிக்கும் ஆங்கிலத்தையும் கட்டாயமாக்கினால் அதற்கு நான் இரண்டு கையையும் தூக்குவேன். மூன்றாவது வழி சொந்தப் பட்டறை. சின்ன இன்வெர்ட்டர் மெஷின் சில நூறு ரிங்கிட்டுக்கு வந்துவிடுகிறது. லோரிதான் முதலீட்டை விழுங்கும். தெக்குன் நிறுவனத்தின் கீழ் இந்தியர்களுக்கான ஸ்பூமி கடன் திட்டம் உண்டு. தாமான் வீடுகளுக்குக் கேட், கிரில், கொட்டகை என்று ஓடும் வேலையில் ஆண்டு முழுவதும் பணம் சுழலும். எக்ஸ்ரே கிடையாது, வாடிக்கையாளர் கடன் சொல்வது உண்டு.

படிக்கும் இடங்களை நீட்டி எழுதத் தேவையில்லை. மனிதவளத் துறையின் ஐ.எல்.பி., அட்டெக் கழகங்களில் கட்டணம் குறைவு, விடுதி உண்டு.  கியாட்மாரா, இளைஞர் திறன் கழகம், போர்ட்டிக்சன், அம்பாங்கான், ஜுவாசே தொழிற்கல்லூரிகள் எல்லாம் மாநிலத்துக்குள்ளேயே. அரசுக் கழகங்களில் இந்திய மாணவர் குறைவு என்ற குறை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. விண்ணப்பம் இணையத்தில், மலாயில், குறிப்பிட்ட தேதிக்குள் என்பதால் தோட்டத்தில் பாதிப் பேர் தேதி போனபிறகு விசாரிக்கிறார்கள். தனியார் கூடத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடன் கிடைக்கும். அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். சேருமுன் அந்தக் கூடத்தில் ஒரு மாணவனுக்கு வாரம் எத்தனை கிலோ ராடு கொடுக்கிறார்கள் என்று கேட்டால், மற்ற எல்லாம் தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் கவனத்துக்கு வராத ஒருவர் இருக்கிறார்: செம்பனை ஆலைப் பட்டறையில் இருபது ஆண்டாக ராடு பிடிக்கும் அப்பா. ஆலையில் பழத்தை நசுக்கும் திருகு மணலும் நாரும் உரசி உரசித் தேயும். அதைக் கழற்றிப் போட்டு, தேய்ந்த இழையின்மேல் கடின உலோகத்தை ஓட்டம் ஓட்டமாக ஏற்றி, பழைய அளவுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. கையளவிலேயே அளவு தெரியும். அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சம்பளச் சீட்டில் அவர் பொதுத் தொழிலாளி. அவருக்கென்றே பி.பி.டி. என்ற முறை இருக்கிறது: வகுப்புக்குப் போகாமல், செய்த வேலைகளின் சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி, எஸ்.கே.எம். பெறலாம். கோப்பில் வேண்டியவை வேலையின் படம், தேதி, எந்த ராடு, எந்த முறை, மேற்பார்வையாளர் கையெழுத்து. அப்பா கோப்பைத் தொடங்கும் அதே நோட்டில் பையனும் முதல் நாளிலிருந்தே எழுதத் தொடங்கலாம். ஆறு மாத விதிக்கு ஃபோர்மேன் ஆதாரம் கேட்கும்போது நீட்டுவதற்கு அதுதான் இருக்கும்.